காப்பித் தோட்டத்துக்கு ஒரு டிரெயில் கேமரா

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், எங்கள் குடும்பத்துக்கு ஒன்பதரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்பது பட்டாவில் உள்ள பெயர்தான். சில்வர் ஓக்கும் பலாவும் முள்முருங்கையும் நிழல் போர்த்தி நிற்க, அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்க, நடுவில் காப்பிச் செடிகள் இடுப்புயரத்துக்கு அடர்ந்திருக்கும் இடத்தைப் புதிதாகப் பார்ப்பவர் காடு என்றே சொல்வார். மேல் எல்லையில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. நான் மதுரையில் வேலை பார்ப்பதால் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் ஏறிப் போக முடிகிறது. மற்ற நாட்களில் அங்கே இருப்பவர் காவலுக்கு இருக்கும் பெரியவர் ஒருவர் மட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன், மிளகு பழுக்கும் மாசி மாதத்தில், கீழ்ச்சரிவில் ஏறத்தாழ முப்பது கொடிகளில் சரத்தைக் காணோம். அதே மாதம் மேல் எல்லையில் மலைவாழைக் கன்றுகள் அடியோடு கிளறப்பட்டுக் கிடந்தன. டிரெயில் கேமரா, அதாவது மரத்தில் கட்டிவைத்தால் எதிரே வருவதைத் தானாகப் படமெடுக்கும் கேமரா, வைக்கலாம் என்று நான் சொன்னபோது பெரியவர் சிரித்துக்கொண்டே, "கீழ வந்தது ரெண்டு காலு, மேல வந்தது நாலு காலு. ரெண்டையும் ஒரே பொட்டியில புடிக்க முடியாது தம்பி" என்றார். டிரெயில் கேமராவைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் பிறகு படித்த எதுவும் இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டவில்லை. ஆனால் அன்று அது என் காதில் ஏறவில்லை. இணையக் கடையில் ஒரே ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு போனேன்.

அந்தப் பெட்டியின் மேல் 36 மெகாபிக்சல், 4கே வீடியோ என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மேல் எல்லையில், காட்டுமாடு இறங்கும் தடத்தைப் பார்த்தபடி, ஒரு சில்வர் ஓக் மரத்தில் வாரால் கட்டிவிட்டு வந்தேன். பதினைந்து நாள் கழித்து மெமரி கார்டை எடுத்துப் பார்த்தபோது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. அவற்றில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டவை ஒரே காப்பிக் கிளையின் படங்கள். கிளை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, வெயிலில் நிற்கிறது, மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மிச்சத்தில் ஏழெட்டுப் படங்களில் காட்டுமாட்டின் பின்தொடையும் வாலும் தெரிந்தன. முகம் ஒன்றில்கூட இல்லை.

அந்தப் படங்களைப் பார்த்து எரிச்சலடைந்த பிறகுதான் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். டிரெயில் கேமரா நம் கண்ணைப் போல எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலான நேரம் அது தூங்குகிறது. லென்சுக்குக் கீழே பால்வெள்ளை நிறத்தில் குவிந்தோ தட்டையாகவோ இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் பிஐஆர் என்ற வெப்ப உணரி இருக்கிறது. மூடியில் உள்ள வரிகள் எதிரிலிருக்கும் இடத்தைப் பல பட்டைகளாகப் பிரித்து உணரிக்குக் காட்டுகின்றன. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகரும்போது வெப்பம் மாறுகிறது. அந்த மாற்றம்தான் கேமராவை எழுப்புகிறது. அசைவு மட்டும் இருந்தால் போதாது, வெப்ப வேறுபாடு மட்டும் இருந்தாலும் போதாது, இரண்டும் சேர வேண்டும். வெயில் பட்டுச் சூடேறிய காப்பிக் கிளை காற்றில் ஆடினால் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன என்பதுதான் அந்த இரண்டாயிரத்து எண்ணூறு படங்களுக்கான விளக்கம்.

இதிலிருந்தே இன்னும் இரண்டு விஷயங்கள் புரிந்தன. முதலாவது, பட்டைகளைக் குறுக்கே கடக்கும் விலங்கைக் கேமரா சட்டென்று உணரும். நேராகக் கேமராவை நோக்கி வரும் விலங்கு ஒரே பட்டைக்குள் நெடுநேரம் இருப்பதால் உணர்வது தாமதமாகும். ஆகையால் தடத்தை நேருக்கு நேர் பார்த்தபடி கட்டுவதும் நல்லதல்ல, சரியாகக் குறுக்கே கட்டினால் விலங்கு கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும்; தடத்துக்குச் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் வைப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. இரண்டாவது, சுற்றுப்புறமே விலங்கின் உடல் அளவுக்குச் சூடாகிவிட்டால் உணரிக்கு வேறுபாடு தெரியாது. மலையடிவாரத்தில், வத்தலக்குண்டுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் என் கேமராவைச் சித்திரை மாதத்தில் வாங்கிப் போய் வைத்துவிட்டு, பகலில் எதுவுமே பதியவில்லை, கேமரா பழுது என்று திருப்பிக் கொடுத்தார். அதே கேமரா அதே வாரத்தில் எங்கள் மலைக்குளிரில் முள்ளம்பன்றியைக்கூட விடாமல் பிடித்தது. சமவெளித் தோப்புக்கு வாங்குபவர்கள் கோடைப் பகலில் இந்தக் கருவியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

வால் மட்டும் பதிந்ததற்குக் காரணம் வேறு. உணரி எழுப்பியதிலிருந்து முதல் படம் எடுக்கும் வரை ஆகும் நேரத்தை டிரிகர் ஸ்பீடு என்கிறார்கள். என் முதல் கேமராவுக்கு அது ஒரு நொடிக்கு மேல் ஆனது. நடந்துபோகும் காட்டுமாடு அந்த ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். நல்ல கேமராக்களில் இது அரை நொடிக்கும் கீழே, 0.2 அல்லது 0.3 நொடிக்கு வருகிறது. இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, ஒரு படம் எடுத்த பிறகு அடுத்த படத்துக்குத் தயாராக ஆகும் நேரம். மந்தையாக வரும் விலங்குகளுக்கு இதுதான் முக்கியம். முதலில் வரும் பெண் மாடு பதிந்து, பின்னால் வரும் கன்றுகள் எதுவும் பதியாமல் போவது இதனால்தான். வீடியோவில் வைத்தால் எழுந்து பதிவு தொடங்கப் பெரும்பாலும் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

மெகாபிக்சல் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் அது தகுதியானதல்ல. பெட்டியில் 24, 36, 48 என்று போட்டிருந்தாலும் உள்ளே படம் பிடிக்கும் உணரி பெரும்பாலும் மிகச் சிறியது. மிச்சப் புள்ளிகளை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. படத்தின் கோப்பு பெரிதாகும், மெமரி கார்டு சீக்கிரம் நிறையும், மானின் காதில் ஒரு மயிர்கூடக் கூடுதலாகத் தெரியாது. நான் இப்போது எல்லாக் கேமராவையும் கிடைக்கும் குறைந்த அளவிலோ அதற்கு அடுத்த அளவிலோதான் வைத்திருக்கிறேன்.

இனிப் பெரியவர் சொன்ன இரண்டு காலுக்கும் நாலு காலுக்கும் வருகிறேன். இரவில் படம் எடுக்க இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகின்றன. அதில் இரண்டு வகை சந்தையில் இருக்கிறது. 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள விளக்கு தூரமாக எட்டும், படமும் தெளிவாக விழும். ஆனால் எரியும்போது விளக்கை நேராகப் பார்ப்பவருக்கு மங்கலான சிவப்புக் கனல் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு விலையாக எட்டும் தூரம் குறையும், படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி விழும். மிளகு திருட வருபவர் இருட்டில் ஒரு சிவப்புக் கண் தன்னைப் பார்ப்பதைக் கண்டால், ஒன்று ஓடுவார், அல்லது கேமராவைக் கழற்றிக்கொண்டு ஓடுவார். எங்கள் தோட்டத்தில் இரண்டாவதுதான் நடந்தது. ஆகவே கீழ்ச்சரிவுக்குக் கண்ணுக்குத் தெரியாத விளக்கு, மேல் எல்லைக்குச் சிவப்புக் கனல் விளக்கு என்று பிரித்துக்கொண்டேன். விலங்குகள் எதையுமே கவனிப்பதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கடமான் ஒன்று லென்சுக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை நீட்டி மோந்துபார்த்த படம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது கேமராவைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் இறங்கும் மூடுபனியில் இரண்டு விளக்குமே தோற்றுப்போகும். பனித்துளிகள் ஒளியைத் திருப்பி அடிப்பதால் படம் முழுவதும் வெள்ளைத் திரை போலாகிவிடும். இதற்கு எந்த விலையிலும் தீர்வு இல்லை.

வெள்ளை ஃபிளாஷ் உள்ள கேமராவும் கிடைக்கிறது. இரவிலும் வண்ணப்படம் தரும். அது ஆய்வாளர்களுக்கானது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களின் தொடக்கத்தில் கேமரா வைத்துப் புலிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டது அவற்றின் உடல் வரிகளை வைத்துத்தான். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருப்பதில்லை, ஒரே புலிக்கும் இடப்பக்க வரி வலப்பக்கத்தில் இல்லை என்பதால், தடத்தின் இருபுறமும் எதிரெதிராக ஒரு ஜோடிக் கேமரா வைக்க வேண்டியிருக்கிறது. 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 141 பகுதிகளில் 26,838 இடங்களில் கேமரா வைத்து மூன்றரைக் கோடிக்கு நெருக்கமான படங்களை எடுத்தார்கள். அது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. அந்த வேலைக்கு எது தேவையோ அது நமக்குத் தேவையில்லை. வந்தது பன்றியா மாடா என்று தெரிந்தால் போதும் என்பவர் ஜோடியாக வாங்கிச் செலவழிக்க வேண்டாம்; அதே பணத்தில் இரண்டு வெவ்வேறு தடங்களைப் பார்க்கலாம்.

திருட்டுக்கு வைக்கும் கேமரா படத்தை உடனே கைபேசிக்கு அனுப்ப வேண்டும். பதினைந்து நாள் கழித்துத் திருடனின் முகத்தைப் பார்த்து என்ன பயன்? இங்கேதான் என் இரண்டாவது ஏமாற்றம். வைஃபை உள்ள கேமரா என்று விற்பனையாளர் சொன்னதை, மதுரையில் உட்கார்ந்துகொண்டே படம் பார்க்கலாம் என்று நான் புரிந்துகொண்டேன். அந்த வைஃபை, மரத்தடியில் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நின்றுகொண்டு கைபேசியில் படம் இறக்கிக்கொள்வதற்கானது. கேமரா எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்று சரிபார்க்க அது உதவும், அவ்வளவுதான். தொலைவிலிருந்து பார்க்க வேண்டுமானால் சிம் போடும் செல்லுலார் கேமரா வேண்டும். அதிலும் விலை குறைவாகக் கிடைக்கும் சில மாடல்கள் 2ஜி, 3ஜியில் மட்டும் இயங்குபவை. ஜியோவில் 2ஜி, 3ஜி சேவையே கிடையாது என்பதால் அந்த சிம்மைப் போட்டால் கேமரா ஊமையாக நிற்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் செல்லுலார் கேமராக்கள் பெரும்பாலும் அங்குள்ள நிறுவனங்களின் சிம்முக்கும் சந்தாவுக்கும் கட்டுப்பட்டவை. அவை இங்கே வெறும் மெமரி கார்டு கேமராவாகத்தான் பயன்படும். வாங்குவதற்கு முன் கேமரா எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். இந்தியாவில் 4ஜிக்கு முக்கியமாகப் பேண்ட் 3, 5, 40 ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், கேமரா வைக்கப்போகும் மரத்தடியிலேயே உங்கள் கைபேசியை வைத்து ஒரு படத்தை அனுப்பிப் பார்ப்பது. எங்கள் கீழ்ச்சரிவில் ஒரு பலாமரத்தடியில் சிக்னல் இருக்கிறது, அதிலிருந்து இருபதடி தள்ளி இருக்கும் அயனிப் பலாவின் அடியில் இல்லை. மேல் ஓடையில் எந்த நிறுவனத்தின் சிக்னலும் இல்லை. எனவே கேமராவின் இடத்தைத் திருடனின் வழி பாதி முடிவுசெய்தது, செல்போன் கோபுரத்தின் திசை மீதியை முடிவுசெய்தது.

பேட்டரியில் நான் கஞ்சத்தனம் செய்து நிறைய இழந்திருக்கிறேன். என் கேமராக்களில் எட்டு ஏஏ பேட்டரிகள் தொடராக இருக்கின்றன. சாதாரண ஆல்கலைன் பேட்டரியும் லித்தியம் பேட்டரியும் ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், எட்டும் சேர்ந்து 12. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான்; எட்டும் சேர்ந்து 9.6. சில கேமராக்கள் இந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும், சில, பேட்டரி பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று அணைந்துவிடும். கையேட்டில் நிக்கல் பேட்டரி போடலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஆல்கலைன் தீரத் தீர வோல்ட் இறங்கிக்கொண்டே வரும். பகல் படம் நன்றாகவே இருக்கும், இரவுப் படம் மட்டும் நாளுக்கு நாள் இருட்டிக்கொண்டு போகும். விளக்குக்குத்தான் அதிக மின்சாரம் வேண்டியிருக்கிறது. லித்தியம் கடைசி வரை ஒரே சீராகக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக நிற்கும், குளிரும் அதை அதிகம் பாதிப்பதில்லை. விலை அதிகம்தான். ஆனால் பேட்டரி மாற்ற மட்டும் மதுரையிலிருந்து மலையேறும் பெட்ரோல் செலவோடு வைத்துப் பார்த்தால் அது மலிவு. சோலார் தகடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நிழல்மரத் தோட்டத்தில் அது வெறும் அலங்காரம்.

மெமரி கார்டு 32 ஜிபி போதும், நம்பகமான கடையில் வாங்கியதாக இருக்கட்டும், கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தேதியையும் நேரத்தையும் ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் சரிபாருங்கள். வாழை சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனு எழுதியபோது என் படத்தில் ஆண்டு 2015 என்று பதிந்திருந்தது. அதை எங்கே இணைப்பது?

பிரவுனிங், புஷ்னெல் போன்ற பெயர்பெற்ற கேமராக்கள் இங்கே இறக்குமதி விலையில் கிடைக்கின்றன. ரீகானிக்ஸ் ஆய்வாளர்கள் வாங்குவது, அந்த விலை என் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அவற்றுக்குக் கீழே, ஒரே உடலுக்குப் பத்துப் பெயர் ஒட்டி விற்கும் மலிவு வகை ஒரு கடல். நான் கடைசியில் நடுத்தர விலையில் ஒன்றை மேலேயும், 4ஜி உள்ள ஒன்றைக் கீழேயும் வைத்தேன். வாங்குபவர்கள் விலையில் ஒரு பகுதியை இரும்புப் பெட்டிக்கும் பூட்டுக் கம்பிக்கும் ஒதுக்கிவிடுங்கள். காட்டுமாடு உடலைத் தேய்க்கும், குரங்கு வாரை அவிழ்க்கும், பெரும்பாறை, கே.சி.பட்டிப் பக்கம் போல யானை வரும் இடமாக இருந்தால் இரும்புப் பெட்டியும் நிச்சயமில்லை. ஆனால் என் கேமராவைக் கொன்றது இவை எதுவும் அல்ல, எறும்பு. மழைக்காலத்தில் பேட்டரி அறையின் ரப்பர் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்திருக்கிறது. திறந்தபோது முட்டையும் குஞ்சுமாக ஒரு குடும்பமே இடம் மாறி ஓடியது. இப்போது விளிம்பில் வாசலின் தடவுகிறேன், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுகிறேன்.

விலங்குக் கேமராவை முழங்கால் உயரத்தில், தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, வடக்கையோ தெற்கையோ பார்த்தபடி கட்டுங்கள். கிழக்கு மேற்காக வைத்தால் காலையிலும் மாலையிலும் சூரியன் நேராக லென்சில் விழும். மனிதக் கேமராவை ஒன்பது பத்தடி உயரத்தில், கீழே பார்த்தபடி கட்ட வேண்டும். யாரும் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை, கையும் எட்டாது.

கீழ்க் கேமரா வைத்த முதல் மாதத்தில் எனக்கு வந்த படங்களில் பெரும்பாலானவை திருடர்களுடையவை அல்ல. எங்கள் தோட்டத்துக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதையில் விறகு எடுத்துக்கொண்டு போகும் பெண்களும், பள்ளிக்கூடம் விட்டுக் குறுக்கு வழியில் வரும் பிள்ளைகளும்தான் பதிந்தார்கள். ஒரு படத்தில் ஒரு பெண் சுமையை இறக்கிவைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதை அழித்த பிறகும் எனக்குச் சங்கடம் தீரவில்லை. கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குகளுக்கு வைத்த கேமராக்களால் காட்டுக்குள் போகும் பெண்கள் பேச்சையும் பாட்டையும் குறைத்துக்கொண்டு ஒடுங்கிப் போனதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024இல் வெளிக்கொண்டு வந்தது; பாட்டும் பேச்சும் விலங்கை எச்சரித்து விலக்குவதற்கும் உதவியவை. எங்கள் பாதையும் அதுபோல ஆகிவிடக் கூடாது என்று தோன்றியது. பெரியவர் மூலம் ஊரில் சொல்லி, கேமரா இருக்கிறது என்று பாதையின் இரு முனையிலும் பலகை எழுதி வைத்து, இரவு எட்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை மட்டும் இயங்கும்படி அமைத்தேன். இயங்கும் நேரத்தைக் குறிக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது, யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் நல்ல தடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நுழைவதே குற்றம், கேமரா கட்டுவது அதற்கும் மேல். அதேபோல் படத்தில் விழுந்ததையெல்லாம் வாட்ஸ்ஆப்பில் பகிர்வதும் இல்லை. போன ஆவணியில் எறும்புத்தின்னி ஒன்று பதிந்தது. செதிலுக்காக வேட்டையாடப்படும் பிராணி அது. அந்தப் படத்தை வனச்சரகருக்குக் காட்டியதோடு சரி, எந்தப் பாறை, எந்தத் தடம் என்று உறவினர்களிடம்கூடச் சொல்லவில்லை.

மிளகு எடுத்தவர்களின் முகம் இன்று வரை தெரியவில்லை. பலகை வைத்த பிறகு ஒரே ஒரு முறை, அதிகாலை 4.40க்கு, தலையில் துண்டு கட்டிய இருவர் பதிந்தார்கள். ஓடைப் பாலத்துப் பக்கமிருந்து வருகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது, அங்கே முள்வேலி போட்டோம். வாழையைக் கிளறியது காட்டுப்பன்றி. கார்டைப் பார்ப்பதற்கு முன்பே குளம்புத் தடத்தை வைத்துப் பெரியவர் அதைச் சொல்லியிருந்தார். இப்போது நான் போகும் ஒவ்வொரு முறையும் மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து எல்லாப் படங்களையும் அவருக்கு ஓட்டிக்காட்ட வேண்டும். பன்றிக்கும் மாட்டுக்கும் நிறுத்தச் சொல்ல மாட்டார். களத்துக்கு மேலே உள்ள பாறையில் ஒவ்வொரு காலையும் எச்சத்தைக் காப்பிக் கொட்டையாகப் போட்டுவிட்டுப் போவது யார் என்பதில்தான் அவருக்கும் அவர் மனைவிக்கும் பல வருடத் தகராறு. தை மாதம் ஒரு நாள் 3.12 மணிப் படத்தில் மரநாய் ஒன்று அந்தப் பாறையில் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் உள்ளே திரும்பி, "ஏய், இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார்.